நண்டுக் கூடும் தேய்மானக் கணக்கும்

வணிகவியல் மாணவனாக நான் கற்ற தொடக்கப் பாடங்களுள் ஒன்று தேய்மானம். ஒரு பொருள் ஆண்டுதோறும் எவ்வளவு மதிப்பை இழக்கிறது என்று கணக்கேட்டில் பதியக் கற்றேன். அந்த இழப்பைக் கையுழைப்பால் தள்ளிப்போடலாம் என்பதைப் பல்லாண்டுகள் கழித்து, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கரையில், எங்கள் கிளையின் வாடிக்கையாளரான ஒரு மீனவரிடம் கற்றேன்.

வங்கக் கடலோடு இணைந்த உவர்நீர்ப் பரப்பு சிலிகா. 1981ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மீனும் இறாலும் மட்டுமன்றி, நல்ல விலை பெறும் சேற்று நண்டும் அங்குள்ள குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போடுகிறது.

2019ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் ஃபானி புயல் புரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில வாரங்களில் கடன் கேட்டு வந்தோர் பலர். கூடுகள் அனைத்தையும் இழந்தவர்கள் புதிதாக வாங்கப் பணம் கேட்டனர். இந்த மீனவர் மட்டும் கம்பி, நூல், கயிறு வாங்கச் சிறு தொகையே கேட்டார். காரணம் வினவினேன். புயல் எச்சரிக்கை கிடைத்த அன்றே கூடுகளைக் கரையேற்றிவிட்டதாகக் கூறினார். ஒவ்வொரு மிதவையிலும் அவர் தம் அடையாள வண்ணத்தைப் பூசியிருந்தார். கயிறுகளும் உறுதியாக இருந்தன. ஆகவே அரை நாளில் அவற்றைத் தேடி எடுக்க அவரால் முடிந்தது.

நண்டு சும்மா இருப்பதில்லை

அவர் வீட்டு முற்றத்தில் கூடுகளைப் பார்த்தேன். இரும்புக் கம்பிச் சட்டத்தின் மீது நைலான் வலை போர்த்திய பெட்டி அது. புனல்போல் உட்குறுகும் வாய், நடுவே இரை. புகுந்த நண்டுக்கு வெளியேறும் வழி எளிதில் புலப்படாது. ஆனால் அது சும்மா இருப்பதில்லை; வலிய கொடுக்குகளால் வலையைக் கத்தரிக்கிறது. இன்று அறுந்த ஒரு கண்ணி, நாளை நண்டு தப்பும் வாயிலாகிவிடும். உவர்நீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. பாசியும் கொட்டலசும் படிந்து கூட்டின் எடையைக் கூட்டுகின்றன.

அவர் பின்பற்றிய முறை எளியது. கரை சேர்ந்ததும் கூட்டை நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்துவார். கடும் வெயில் நைலானின் வலுவைக் குறைக்கும். அறுந்த கண்ணிகளை அன்று மாலையே அவர் மனைவி வலை ஊசியால் பின்னிவிடுவார். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்பு வண்ணம் பூசுவார்கள். சட்டத்தோடு உராயும் இடத்தில்தான் கயிறு முதலில் நைகிறது. அந்த முனையை மட்டும் வெட்டிவிட்டுப் புது முடிச்சு இடுவார்கள்.

தொலைந்த கூடும் பிடிக்கும்

கூட்டின் கதவைக் கட்ட அவர் நைலானைத் தவிர்த்துப் பருத்தி நூலையே பயன்படுத்தினார். அது விரைவில் இற்றுப்போகும் அல்லவா என்றேன். இற்றுப்போகவே அதைக் கட்டுவதாகச் சொன்னார். நீருக்கடியில் தொலைந்த கூடு தன் வேலையை நிறுத்துவதில்லை. அகப்பட்ட நண்டு மடிந்து அடுத்த நண்டுக்கு இரையாகும். நைலான் பல்லாண்டு மக்காது; பருத்தி நூலோ நாளடைவில் இற்று, கதவைத் திறந்துவிடும். அதனால் வாரந்தோறும் நூலை மாற்ற வேண்டியிருந்தும் அவர் சலித்துக்கொள்ளவில்லை. சினை நண்டுகளையும் சிறியவற்றையும் நீரிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். வருங்காலத்திற்கு அவர் போடும் வைப்புத்தொகை அதுவே.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் எடுத்துக்காட்டு. கூடு ஒன்றின் விலை 300 ரூபாய் என்று கொள்வோம். 50 கூடுகளுக்கு 15,000 ரூபாய். கவனிப்பாரின்றி ஓராண்டில் அவை வீணானால், ஆண்டுச் செலவு முழு 15,000. பழுதுபார்த்து ஈராண்டு பயன்படுத்தினால் ஆண்டுக்கு 7,500. பழுதுச் செலவாகக் கூடு ஒன்றுக்கு 50 ரூபாய் வீதம் 2,500 சேர்த்தாலும் மொத்தம் 10,000தான். மிச்சம் 5,000 ரூபாய். தப்பிப்போகாத நண்டுகளின் விலை இக்கணக்கில் சேரவில்லை.

இத்தகைய தொடர் செலவுகளுக்கு உதவும் வகையில், விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை வசதி 2019ஆம் ஆண்டு முதல் மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டுள்ளது. சுய உதவிக் குழுக்களும் இதைப் பெறலாம். உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோர்க்கு வட்டிச் சலுகையும் உண்டு. விவரங்களுக்கு அருகிலுள்ள கிளையை அணுகுங்கள்.

அந்த மீனவர் தம் சிறு கடனைத் தவணை தவறாமல் அடைத்தார். எனக்கு அது வியப்பளிக்கவில்லை. அறுந்த கண்ணியை அன்றைக்கே பின்னுகிறவர் தவணையையும் நாள் தள்ளமாட்டார். தையல் இயந்திரமோ, உழவு இயந்திரமோ, கடைத் தராசோ, நம் பிழைப்புக்குத் துணைநிற்கும் கருவி ஒவ்வொன்றிலும் இன்று அறுந்த கண்ணி ஏதேனும் உண்டா என்று ஒரு முறை பார்ப்போமே!