கரண்ட் போனாலும் குலையாத வட்டு

'சேவ்' கொடுத்ததும் கோப்பு வட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். அது முதலில் தங்குவது நினைவகத்தில். வட்டு மெதுவானது. ஆகவே லினக்ஸ் வட்டின் பகுதிகளைப் பெரும்பாலும் 4,096 பைட் அளவுள்ள பிளாக்குகளாக நினைவகத்தில் பிரதி எடுத்து, திருத்தங்களை அங்கேயே செய்துகொள்கிறது. இந்தப் பிரதிகளின் கிடங்குதான் கேஷ். பிரதியும் வட்டும் ஒத்திருந்தால் பிளாக் 'சுத்தம்'. பிரதி மட்டும் மாறியிருந்தால் 'அழுக்கு'. அழுக்கானவற்றை லினக்ஸின் மையமான கெர்னல் தனக்குத் தோதான நேரத்தில் வட்டில் எழுதும்.

அந்தத் தோதில்தான் வில்லங்கம். புதுக் கோப்பு ஒன்றை உருவாக்கினால் கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடுகளின் பிட்மேப், அவற்றின் அட்டவணை, ஃபோல்டர் எனப் பல பிளாக்குகள் மாறும். ஃபோல்டர் மட்டும் வட்டுக்குப் போன நிலையில் கரண்ட் போனால், பெயர் இருக்கும், கோப்பு இருக்காது. லினக்ஸின் பழைய கோப்பு முறைமையான எக்ஸ்ட்-2 காலத்தில் இதைச் சரிபார்க்க வட்டு முழுவதையும் துழாவ வேண்டியிருந்தது. பெரிய சர்வர்களில் அது மணிக்கணக்கான வேலை.

இதற்கு லினக்ஸ் நிரலாளர் ஸ்டீபன் ட்வீடி 1998-இல் முன்வைத்த தீர்வு ஜர்னல். 2001 நவம்பரில் வெளிவந்த 2.4.15 கெர்னலில் அது எக்ஸ்ட்-3 ஆக இடம்பிடித்தது. கடைக்காரர் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவதைப் போல, எக்ஸ்ட்-3 மாற்றங்களை முதலில் வட்டின் தனிப் பகுதியான ஜர்னலில் ஒரே தொகுதியாக எழுதி, 'முடிந்தது' என்று முத்திரை வைக்கிறது. பிறகுதான் அவை உரிய இடங்களுக்குப் போகும். இடையில் கரண்ட் போனால், மீட்பின்போது முத்திரை உள்ள தொகுதிகள் ஜர்னலிலிருந்து உரிய இடங்களில் எழுதப்படும்; முத்திரை இல்லாதவை கைவிடப்படும். வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை இந்த முத்திரை விழும்.

சொல்ல எளிது. ஆனால் முத்திரை விழுவதற்குள் கெர்னல் அழுக்கு பிளாக்கை உரிய இடத்தில் எழுதிவிட்டால் எல்லாம் பாழ். அதனால் ஜர்னலை நடத்தும் ஜேபிடி என்ற நிரல்பகுதி, வழக்கமான அழுக்குக் குறியை நீக்கிவிட்டுத் தனக்கென ஒரு குறியை வைக்கிறது. கெர்னலின் கண்ணுக்கு அந்த பிளாக் சுத்தமாகத் தெரியும், தொடாது. முத்திரை விழுந்ததும் ஜேபிடி பழைய குறியைத் திருப்பி வைக்கும். அதன்பின் பிளாக் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஜர்னலில் அது பிடித்திருந்த இடம் காலியாகும். இந்தப் பொறியியலில் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் இதுதான்.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஒரு தொகுதி ஜர்னலுக்குப் போகவிருக்கும் வேளையில், அதிலுள்ள பிளாக்கையே வேறொரு நிரல் திருத்த வந்தால்? ஜேபிடி பழைய நிலையை உறையவைத்துத் தனிப் பிரதியாக வைத்துக்கொள்ளும்; ஜர்னலுக்குப் போவது அதுதான். புதுத் திருத்தம் அடுத்த தொகுதியில் சேரும். எழுதும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் வந்த நிரல் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது சிக்கலும் உண்டு. ஒரு ஃபோல்டரை அழித்து, அதன் பிளாக்கை வேறு கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கொடுத்திருந்தால், ஜர்னலில் கிடக்கும் பழைய ஃபோல்டர் தகவல் மீட்பின்போது புதிய உள்ளடக்கத்தின் மேல் ஏறிவிடும். அதைத் தடுக்கவே 'இந்த பிளாக்கின் பழைய பதிவை எடுக்காதே' என்ற ரத்துக் குறிப்பும் ஜர்னலில் எழுதப்படுகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். எக்ஸ்ட்-3-உம் அதன் வாரிசான எக்ஸ்ட்-4-உம் வழக்கமான அமைப்பில் ஜர்னலில் எழுதுவது கோப்பு முறைமையின் கட்டமைப்பு விவரங்களை மட்டுமே. கடைசிச் சில விநாடிகளில் நீங்கள் தட்டிய வரிகளுக்கு அது பொறுப்பேற்காது. பென்டிரைவ்களில் பரவலாக உள்ள ஃபேட் முறைமையில் ஜர்னலே கிடையாது. ஆகவே 'இஜெக்ட்' கொடுத்துவிட்டே அதை உருவுங்கள்.