கமக்காரரும் வியாபாரக் குறியும்

நெல்லையும் மரக்கறியையும் நன்றாக விளைவித்தல் கமக்காரரின் முதற் கடமை. நன்றாக விளைந்த பொருளை இன்னார் விளைவித்தது என வாங்குவோர் அறியச் செய்தல் இரண்டாவது கடமை. இதனை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. கல், கலப்பு இல்லாத அரிசியும், கல்லும் குறுநொய்யும் கலந்த அரிசியும் பெயரில்லாச் சாக்குகளிற் சந்தைக்குச் செல்லும்போது இரண்டுக்கும் ஒரே விலையே கிடைக்கின்றது. நல்ல பொருளுக்குரிய அதிக விலை, அதற்குத் தன் பெயரை இட்டு விற்கும் இடைத்தரகருக்கே சேருகின்றது.

ஒரு பொருளை மற்றவற்றிலிருந்து வேறு பிரித்துக் காட்டும் பெயர் அல்லது படம் வியாபாரக் குறி எனப்படும். பெரிய கம்பனிகளுக்கு மாத்திரம் உரியதன்று அது. ஐந்து கிலோ அரிசிப் பைகளை விற்கும் சிறு கமக்காரரும் அதனைக் கொள்ளலாம்.

1. பொருள் முதல், பெயர் பின்

குறி என்பது ஒரு வாக்குறுதி. சென்ற மாதம் வாங்கிய பொருளைப் போன்றதே இம்மாதமும் கிடைக்கும் என்பதே அதன் பொருள். ஆகவே, பெயரை அச்சிடுமுன் தரத்தை நிலைநிறுத்தல் வேண்டும்.

நெற்செய்கையாளர் அறுவடைக்கு முன் வயலிற் காணப்படும் கலவன் கதிர்களை அகற்றுக. அறுவடை இயந்திரத்துள் முந்திய வயலின் நெல் தங்கியிருக்கும்; அதனைத் துப்புரவு செய்த பின்னரே உங்கள் வயலில் இறக்க விடுக. காய விடும் தளத்தைக் கூட்டித் துப்புரவாக்குக. ஈரப்பதன் 14 வீதத்திற்கு மேற்படாதவாறு நெல்லைக் காய வைத்துச் சேமிக்குக. ஆலையில் முதலில் வெளிவரும் சில கிலோ அரிசியில் முன்னர் குற்றியவரின் அரிசி கலந்திருக்கக்கூடும். அதனை வேறாக எடுத்து வைக்குக.

மரக்கறிச் செய்கையாளர் பருமனும் முதிர்ச்சியும் ஒத்த காய்களைத் தரம் பிரிக்குக. மேலே நல்லதும் கீழே தாழ்ந்ததும் வைத்துக் கட்டும் வழக்கத்தை அடியோடு விடுக. நாசினி தெளித்த பின், அதன் சுட்டுத்துண்டிற் கூறப்பட்ட நாட்கள் கழியும்வரை அறுவடை செய்யற்க.

2. பெயரைத் தெரிதல்

'நல்லரிசி', 'சம்பா', 'புதிய கத்தரி' என்பன பொருளையோ அதன் குணத்தையோ மாத்திரம் கூறும் சொற்கள். எல்லா வியாபாரிகளுக்கும் வேண்டிய இச்சொற்களை எவரும் தமக்கே உரியனவாக்க இயலாது. வெறும் ஊர்ப் பெயரும் அவ்வாறே. நாட்டின் கொடி, அரசாங்க இலச்சினை ஆகியவற்றைக் குறியாகக் கொள்ளுதல் ஆகாது. சந்தையில் ஏற்கெனவே உள்ள குறியை ஒத்த பெயரும் படமும் வழக்கிற் கொண்டுபோய் விடும்.

பொருளோடு நேரிற் தொடர்பில்லாத, இலகுவாக நினைவில் நிற்கும் சொல்லொன்றைத் தெரிக. அதனுடன் எளிய படமொன்றைச் சேர்த்தால், எம்மொழி பேசுவோரும் அதனைக் கொண்டு பொருளை இனங்காண்பர்.

3. ஓர் அனுபவம்

மொட்டைக்கறுப்பன் புழுங்கலரிசியைப் பையிலிட்டு விற்ற கமக்காரர் ஒருவருக்கு முதலிரண்டு ஆண்டுகளும் நல்ல பெயர் கிடைத்தது. மூன்றாம் ஆண்டில் அரிசியிற் கல் இருப்பதாக முறைப்பாடுகள் வந்தன. விசாரித்தபோது, அவருடைய வெற்றுப் பைகளை யாரோ சேர்த்து, வேறு அரிசியை நிரப்பி விற்றமை தெரியவந்தது. பைகளில் தொகுதி இலக்கமில்லை, விற்பனைக் கணக்குமில்லை. ஆகவே, அது தமது அரிசியன்று என்பதை அவரால் நிறுவ முடியவில்லை. இரண்டு ஆண்டுகளில் தேடிய பெயர் ஒரு போகத்தில் அழிந்தது.

இத்தகைய நட்டத்தைத் தவிர்த்தற்கு:

(அ) ஒவ்வொரு பையிலும் தொகுதி இலக்கம் இடுக. எவ்வயல், எவ்வினம், குற்றிய திகதி, வாங்கிய கடை ஆகியவற்றை அவ்விலக்கத்தின்கீழ்க் கொப்பியொன்றிற் பதிக.

(ஆ) திறந்தாற் கிழியும் வகையிற் பையை மூடுக.

(இ) எஞ்சிய பைகளையும் பிழையாக அச்சான பைகளையும் அச்சகத்தில் விடாது எண்ணி எடுத்து வருக.

(ஈ) ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கிலோ மாதிரியை வீட்டில் வைத்திருக்குக.

(உ) நிறை, பொதி செய்த திகதி, காலாவதித் திகதி, உற்பத்தியாளரின் பெயர், விலாசம் ஆகியவற்றைத் தெளிவாக அச்சிடுக. உணவுச் சட்டத்தின் விதிகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிக.

4. சட்டப் பாதுகாப்பு

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திற் குறியைப் பதிவு செய்யலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். பதிவு பொருள் வகுப்பின்படியே நடைபெறும். அரிசி 30 ஆம் வகுப்பையும், புதிய மரக்கறியும் பழமும் 31 ஆம் வகுப்பையும், உலர்த்திய மரக்கறி 29 ஆம் வகுப்பையும் சேர்ந்தவை. விண்ணப்பிக்குமுன் அதே குறி பிறர் பெயரில் உண்டோ எனத் தேடுதல் அவசியம்.

பதிவில்லாக் குறியைப் பிறர் திருடினாலும் நியாயமற்ற போட்டி என முறையிட இடமுண்டு. ஆயினும் குறி உமதே என்பதை நீரே நிறுவவேண்டும். ஆதலால் முதற் பற்றுச்சீட்டையும் முதற் பையையும் பத்திரப்படுத்துக.

தனியே நிற்க இயலாதோர் கமக்காரர் அமைப்பாக ஒன்றுசேர்ந்து கூட்டுக் குறியைப் பதியலாம். அதனை யார், எத்தரத்திற்குப் பயன்படுத்தலாம் என்னும் நிபந்தனைகளையும் விண்ணப்பத்துடன் சமர்ப்பித்தல் வேண்டும். ஒருவரின் கலப்படம் அனைவரின் பெயரையும் கெடுக்கும். எனவே, தவறுபவரை நீக்கும் அதிகாரத்தையும் நிபந்தனைகளிற் சேர்த்துக்கொள்க.

5. நாடு தந்த பாடம்

இலங்கைத் தேயிலைச் சபைக்குரிய சிங்கக் குறியை, முழுவதும் இலங்கைத் தேயிலையாய் இந்நாட்டிலேயே பொதி செய்யப்பட்டதற்கு மாத்திரமே இடலாம். இக்கண்டிப்பே அக்குறியின் மதிப்புக்குக் காரணம். கறுவாவின் கதை வேறு. மலிவான கசியாப் பட்டையும் வெளிநாடுகளிற் கறுவா என்ற பெயரிலேயே நெடுங்காலம் விற்பனையாகியது. 2022 ஆம் ஆண்டிலேயே 'இலங்கைக் கறுவா' என்னும் பெயர் ஐரோப்பிய ஒன்றியத்திற் புவியியற் குறியீடாகப் பதிவாகிப் பாதுகாப்புப் பெற்றது. பெயர் பெற்ற பின் காப்பதினும், பெயர் பெறும்போதே காத்தல் எளிது.

வருகின்ற போகத்தின் விளைச்சல் முழுவதற்கும் குறியிட முற்படவேண்டாம். மிகச் சிறந்த ஒரு பகுதியை மாத்திரம் தெரிந்து, சில கடைகளுக்கு ஒழுங்காகக் கொடுத்துத் தொடங்குக. தரம் குறைந்த போகத்தில் அவ்விளைச்சலைக் குறியில்லாச் சாக்கில் விற்குக. அன்று சிறிது நட்டம் ஏற்படினும் உமது பெயர் நிலைக்கும். மேலதிக விபரங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்க.