பாதி வண்ணம் தீட்டிய யானை: இதமான கணினி விளையாட்டுகளின் முகப்புப் படம்

கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் கடைகளில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு முகப்புப் படம் உண்டு. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஸ்டீம் தளத்தின் கடையில் இதனைக் கேப்ஸ்யூல் என்று அழைக்கிறார்கள். வாங்க வருபவர் முன்னோட்டக் காணொளியையோ விளக்கத்தையோ பார்ப்பதற்கு முன்பே இந்தப் படத்தைப் பார்த்துவிடுகிறார். அதுவும் வேறு பல படங்களுக்கு நடுவே, பக்கத்தை உருட்டிக்கொண்டு போகும் போக்கில் பார்க்கிறார் என்பதால், ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய ஒரு விளையாட்டு கவனிக்கப்படுவதும் கவனிக்கப்படாமல் போவதும் பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகின்றன. சண்டையும் ஓட்டமும் நிறைந்த விளையாட்டுகளுக்கு இத்தகைய படம் வரைவது ஓரளவு எளிது; ஏந்திய வாளும் எதிரில் நிற்கும் பகையும் தம்மைத் தாமே விளக்கிக்கொள்ளும். எதிரியே இல்லாத விளையாட்டுக்கு எதை வரைவது என்பதுதான் கடினமான கேள்வி.

அவ்வகை விளையாட்டுகளுக்குக் ‘கோஸி’ விளையாட்டுகள் என்று பெயர். வயலை உழுவது, வீட்டை ஒழுங்கு செய்வது, சமைப்பது போன்ற அன்றாட வேலைகளைத் திரையில் போலச் செய்து பார்ப்பதே இவற்றின் சாரம். இவற்றில் அவசரம் குறைவு, தோல்வியின் அச்சமும் குறைவு. 1996-இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஹார்வெஸ்ட் மூன்’ வேளாண்மையை விளையாட்டாக்கி இதற்கு வழி திறந்தது. அதன்மேல் பற்றுக்கொண்ட எரிக் பரோன் தனியொருவராக உருவாக்கி 2016-இல் வெளியிட்ட ‘ஸ்டார்டூ வேலி’ கோடிக்கணக்கான படிகள் விற்றது. இந்த வெற்றிக்குப் பின் பசும்புல், சிறுவீடு, பூனை, மாலை வெயில் ஆகியவற்றை வெளிறிய வண்ணங்களில் அடுக்கிய முகப்புகள் பெருகிவிட்டன. தனித்தனியே அழகாக இருந்தாலும் அவை ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. இதமான மனநிலையை மட்டும் வரைந்தால் போதாது. அந்த இதத்தைத் தரப்போகும் வேலை எது என்பதையும் படம் சொல்லியாக வேண்டும்.

தமிழர் வாழ்வை மையமாகக் கொண்ட ‘வெண்பா’ இதற்கு நல்ல சான்று. டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-இல் வெளியிட்ட இச்சமையல் விளையாட்டு, 2024-இல் பாஃப்டா அமைப்பின் அறிமுக விளையாட்டுக்கான விருதையும் சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசையும் பெற்றது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த அதன் நாயகி வெண்பா, தன் தாயின் சமையல் குறிப்பேட்டில் சிதைந்தும் அழிந்தும் போன இடங்களை ஊகித்து இட்லி முதலிய உணவுகளைச் செய்கிறாள். ஆட்டக்காரரின் பங்கு அந்த விடுபட்ட வரிகளைக் கையால் நிரப்புவது. நிறைவடையாத ஒன்று ஆட்டக்காரரின் கைக்காகக் காத்திருக்கிறது என்பதே இவ்விளையாட்டின் ஈர்ப்பு. இவ்வகை விளையாட்டுகள் பலவற்றுக்கும் பொருந்தும் இந்த இயல்பை முகப்பு ஓவியர் பிடித்துக்கொள்வாரானால், எதை வரைவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மறுபாதி, அளவைப் பற்றியது. ஸ்டீம் கடைக்கு ஒரே படத்தைப் பல வடிவங்களில் தர வேண்டும். அவற்றில் மிகச் சிறியதைக் கடையே மேலும் சுருக்கிச் சில பட்டியல்களில் 120 பிக்சல் அகலமும் 45 பிக்சல் உயரமுமாகக் காட்டுகிறது. பிக்சல் என்பது திரையில் ஒளிரும் ஒற்றைப் புள்ளி. இவ்வளவு சிறிய பரப்பில் பின்னணி மலைகளும் பாத்திரங்களின் புன்னகையும் கரைந்துவிட, பெயர் ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே சிறிய வடிவத்தில் பெயர் ஏறத்தாழ முழு இடத்தையும் நிரப்புமாறு எழுதப்படுகிறது. தமிழில் பெயர் எழுதுவோர் இங்கே கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், ஏனெனில் 45 பிக்சல் உயரத்தில் மெல்லிய புள்ளி மறைந்து மெய்யெழுத்து உயிர்மெய்யாகத் தெரியக்கூடும். இகர ஈகார வளைவுகள் மேலேயும் உகர ஊகார வால்கள் கீழேயும் இடம் கேட்பதால் எழுத்தின் நடுவுடல் மேலும் சுருங்கும். எழுதுகோலால் எழுதியது போன்ற மெல்லிய அழகெழுத்தைவிடப் புள்ளியைப் பெரிதாக்கிய தடித்த எழுத்தே இங்கு உதவும். ஆங்கில எழுத்தில் ஐந்தும் தமிழில் மூன்றுமாக அமைந்த ‘வெண்பா’ போன்ற குறுகிய பெயருக்கு உள்ள வசதி நீண்ட பெயர்களுக்கு இல்லை.

சிறிய பரப்பில் பொருளை விற்கும் கலை தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் 1920-களில் சிவகாசியில் வேரூன்றிய பின், சுமார் இரண்டு அங்குல அகலமே உள்ள தீப்பெட்டி முகப்புக்குப் படம் வரைவது தனித் திறமையாகவே வளர்ந்தது. எழுத்தறியாதவரும் அணில், காக்கா, சேவல் என்று படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கும்படி தீப்பெட்டிகளும் பட்டாசுகளும் குறிக்கப்பட்டன. அந்த முகப்புகளில் பெரும்பாலும் ஓர் உருவமே நடுவில் நிற்கும். அதன் வெளிக்கோடு தெளிவாகவும், உருவமும் பின்னணியும் ஒன்றோடொன்று கலக்காத நிறங்களாகவும் இருக்கும். மரபாகக் கைமாறி வந்த இந்தப் பாடத்தை இன்றைய விளையாட்டு ஓவியர்கள் வெளிநாட்டு வழிகாட்டிகளிடம் தேடிப் படிப்பதைவிடப் பழைய தீப்பெட்டி முகப்புகளைச் சேகரித்துப் பார்ப்பது அதிகப் பயன் தரும்.

இவற்றை ஓர் ஊரில் பொருத்திப் பார்க்கலாம். கடலூர் மாவட்டத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலங்கள் கொண்ட மங்களூர் வட்டாரத்துக்கு அருகிலுள்ள விருத்தாசலம், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கு உண்டு. மங்களூர் இளைஞர் ஒருவர் அங்குள்ள பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றைப் பற்றி ஒரு கோஸி விளையாட்டு உருவாக்குவதாகக் கொள்வோம். பட்டறையின் வேலைகள் இவ்வகைக்கு இயல்பாகவே பொருந்துகின்றன: நீர்த்த களிமண் கரைசலைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்ற, அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, சுவர் போல் ஒட்டிய மண்ணை விட்டு மீதியைக் கவிழ்த்து, அச்சைப் பிரித்து, இணைப்புக்கோடுகளைச் சீவி, உலர்த்தி, சூளையில் சுட்டு, வண்ணமோ கண்ணாடிபோல் மின்னும் மெருகுப்பூச்சோ ஏற்றுவது என்று ஒவ்வொரு படியும் பொறுமையைக் கேட்டு அதற்கு உடனே பலனும் தருகிறது.

இதன் முகப்புக்கு முதலில் தோன்றுவது சூளை நெருப்பாகத்தான் இருக்கும். ஆனால் சிறிய படத்தில் செந்நெருப்பு போரையும் பேரழிவையும் நினைவூட்டி, அமைதி தேடி வருபவரை விலக்கிவிடும். பட்டறை முழுவதையும் வரைந்தால் அலமாரிகளும் ஆட்களும் கலந்த பழுப்புத் திட்டாகிவிடும். வெள்ளைப் பீங்கான் யானை ஒன்று, அதன் ஒரு பக்கம் மட்டும் வண்ணம் ஏறியிருக்க, மற்றொரு பக்கத்தைத் தொடப்போகும் தூரிகையும் அதைப் பிடித்த விரல்களும் என்ற காட்சி இவ்விரண்டையும்விடப் பல மடங்கு வலுவானது. யானையின் உருவம் எந்த அளவிலும் அடையாளம் தெரியும்; வெள்ளையாக மிஞ்சியிருக்கும் பாதி, மீதி வேலையைச் செய்ய வருமாறு பார்ப்பவரை அழைக்கும்; விரல்கள் அது எவ்வகை வேலை என்பதை விளக்கும். முழுதும் முடிந்து மின்னும் யானைக்கு இந்த ஆற்றல் இல்லை, ஏனெனில் அதில் ஆட்டக்காரர் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை, ஸ்டீம் கடையின் பக்கங்கள் கருநீலமாக இருப்பதால் மஞ்சளும் செம்மண்ணும் கலந்த இளஞ்சூட்டு வண்ணங்கள் அங்கே எளிதில் முன்னுக்கு வரும். எனினும் நிறத்தைவிட வெளிச்சமும் இருளும் முதன்மையானவை. படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கும்போது யானையும் பெயரும் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்காவிட்டால், எத்தனை வண்ணம் சேர்த்தாலும் அது தேறாது.

2022 செப்டம்பர் முதல் ஸ்டீம் விதித்துள்ள கட்டுப்பாட்டின்படி, அடிப்படை முகப்புப் படத்தில் விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு ஆகியவை தவிர விமர்சன மதிப்பெண்ணோ விருதுப் பெயரோ தள்ளுபடி அறிவிப்போ இடம்பெறக் கூடாது. இது சிறிய படைப்பாளிகளுக்கு நன்மையே. விருதுகளைக் குவித்த பெரிய விளையாட்டும் முதல் முயற்சியும் ஓவியத்தால் மட்டுமே அருகருகே நின்று போட்டியிடுகின்றன. படம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்ற கணக்கை ஸ்டீம் உருவாக்குநருக்குத் தருகிறது. கூகுள் பிளே கடையோ இரண்டு படங்களை வெவ்வேறு பயனர்களுக்குக் காட்டி ஒப்பிடவும் வசதி செய்திருக்கிறது. ஆனால் இந்தக் கணக்குகள் எந்தப் படம் அதிகம் அழைத்தது என்பதை மட்டுமே சொல்லும். படம் உண்மையானதா என்பதைச் சொல்லா. அதற்காக ஓவியர் தூரிகை எடுக்கும் முன்பே விருத்தாசலத்துப் பட்டறையொன்றில் சில நாள் அமர்ந்து, வண்ணம் தீட்டுபவர் பொம்மையை எந்தக் கையில் ஏந்துகிறார், எந்த விரலால் திருப்புகிறார், தூரிகையின் நுனியை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறார் என்று பார்த்து வரைய வேண்டியிருக்கும்.