நம் வாசலில் இலாசர்
(லூக்கா 16:19-31)



ஞாயிறு காலைத் திருப்பலிக்கு வருகிறோம். கோவில் வாசலில் அமர்ந்திருப்பவரின் கையில் ஒரு நாணயம் இடுகிறோம். திருப்பலி முடிந்து ஆவடி ரயில் நிலையம் வழியாகவோ, அம்பத்தூர் ஓ.டி. வழியாகவோ, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியாகவோ வீடு திரும்புகிறோம். மூடிய கடைகளின் படிகளிலும் பேருந்து நிழற்குடைகளிலும் படுத்திருப்பவர்களைக் கடந்துதான் போகிறோம். அவர்களுள் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

இயேசுவின் உவமைகளில் வரும் எளிய மனிதர்களுள் பெயரோடு வருபவர் இலாசர் ஒருவரே. செல்வந்தருக்குப் பெயர் இல்லை. அவர் இலாசரை அடித்ததாகவோ, வாசலிலிருந்து விரட்டியதாகவோ நற்செய்தி சொல்லவில்லை. அவர் செய்தது ஒன்றே ஒன்று: நாள்தோறும் கடந்து போனார். ஆனால் வேதனையில் கிடக்கும்போது, இலாசரைத் தம்மிடம் அனுப்புமாறு ஆபிரகாமிடம் கேட்கிறார். அப்படியானால் அந்தப் பெயர் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது! தெரிந்தும் ஒருநாள்கூட அழைத்துப் பேசவில்லை. தமக்குத் தேவை வந்தபோதுதான் அழைத்தார். அப்போதும் ஓர் ஏவலாளாகவே அழைத்தார்.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28 இரவு, வீடில்லாதவர்களை அவர்கள் படுத்திருந்த இடத்திலேயே கணக்கெடுத்தார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியவர், வேலை தேடி வந்து கூலியும் இடமும் இழந்த வெளிமாநிலத் தொழிலாளி, கணவனின் அடிக்குத் தப்பி வந்த பெண், மனநோயால் வீட்டு வழியை மறந்தவர், குடியால் குடும்பத்தை இழந்தவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு. ஆகவே எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது.

தெருவோர மக்களிடையே உழைக்கும் சமூகப் பணியாளர்கள் இதை அறிந்தவர்கள். முதல் நாளே அவர்கள் யாரையும் வண்டியில் ஏற்றுவதில்லை. பக்கத்தில் அமர்ந்து பேசுகிறார்கள், பெயர் கேட்கிறார்கள், மறுவாரமும் வருகிறார்கள். நம்பிக்கை பிறந்த பின் புண்ணுக்கு மருந்து, மருத்துவமனை, ஆதார் அட்டை, முதியோர் ஓய்வூதியம், ஊரில் உறவினரைத் தேடுதல் என்று ஒவ்வொன்றாகச் செய்கிறார்கள். காயமுற்றவரைச் சாவடியில் சேர்த்த நல்ல சமாரியரும், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனார்!

"காப்பகத்துக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறார்களே" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். கணவனும் மனைவியும் வேறு வேறு காப்பகங்களுக்குப் பிரிய வேண்டியிருக்கலாம். சேர்த்து வைத்த மூட்டையும், காகிதம் பொறுக்கும் பிழைப்பும் கைவிட்டுப் போகலாம். மறுப்பவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லுமுன், அவர் எதை இழக்க அஞ்சுகிறார் என்று கேட்போம்.

சட்டமும் இவர்கள் பக்கம் நிற்கிறது. பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது இருக்க வேண்டும், அது 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஆணையிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி, மனநோயுற்றுத் தெருவில் அலைபவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும்; லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால், காணாமற்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். வீடற்றோரை மீட்பதற்காகச் சென்னைக் காவல்துறை 2021-இல் 'காவல் கரங்கள்' என்ற பணியைத் தொடங்கியது.

நமக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரியும் உண்டு. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள், தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காக 1993-இல் 'தி பான்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். முகப்பேரில் உள்ள அதன் இல்லத்தின் பெயர் 'அடைக்கலம்'. அங்குக் குணமடைந்து சொந்த ஊருக்குத் திரும்பிய பெண்கள் பலர். திரும்பிச் செல்ல வீடில்லாதவர்கள் சிலர், நம்மைப் போலவே தெருவில் ஒரு வாடகை வீடெடுத்து, பணியாளர் துணையோடு சேர்ந்து வாழ்கிறார்கள். அத்தகைய பெண்களுக்கு வீடு கொடுக்க நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்? அக்கம்பக்கத்தில் குடிவந்தால் முகம் சுளிக்காமல் இருப்போமா?

அன்பார்ந்தவர்களே, கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் போர்வையும் பிரியாணிப் பொட்டலமும் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் பங்குத் திருவிழாவுக்குக் கொடியேறும் முன், வாசலில் இருப்பவர்களை அப்புறப்படுத்தச் சொல்பவர்களும் நாமே. 1833-இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழையை அவர் இருக்கும் இடத்துக்கே சென்று சந்திப்பதைத் தன் முதற்பணியாகக் கொண்டது. அந்த வழியில் நமது அன்பியம் ஒவ்வொன்றும் இதைச் செய்யலாம்: நம் தெருவில் வாழும் ஒருவரை வாரம் ஒருமுறை இருவராகச் சென்று சந்திப்போம். பெயர் கேட்போம்; நம் பெயரையும் சொல்வோம். "ஐயா", "அம்மா" என்று அழைப்போம். கொடுக்கும்போது படம் எடுக்க வேண்டாம். நோயுற்றிருந்தால் 108, முதியவருக்கு 14567, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைப்போம். அழைத்ததோடு கடமை முடிந்தது என்று போகாமல், மறுநாள் சென்று விசாரிப்போம்.

உவமையில் அந்தப் பெரும்பிளவு மறுவுலகில் கடக்க முடியாததாக இருக்கிறது. இன்றோ அது நம் வாசல்படி அகலம்தான்.

செபிப்போம்: தலைசாய்க்க இடமின்றி வாழ்ந்த ஆண்டவரே, நீர் எங்கள் வாசலில் காத்திருப்பதைக் காணும் கண்களையும், நின்று பேசும் நேரத்தையும், திரும்பிச் செல்லும் மனத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.