குடியேற்றங்களும் வல்லரசுகளும்: கண்டனத்துக்கு விலை வைத்தபோதும் வைக்காதபோதும்

1967 ஜூன் போரில் இஸ்ரேல், ஜோர்டானிடமிருந்து மேற்குக் கரையையும் கிழக்கு ஜெருசலேமையும், எகிப்திடமிருந்து காசாவையும் சினாயையும், சிரியாவிடமிருந்து கோலன் குன்றுகளையும் கைப்பற்றியது. அந்த நிலங்களில் இஸ்ரேலியக் குடிமக்களுக்காக எழுப்பப்பட்ட ஊர்கள்தான் ‘குடியேற்றங்கள்’. சில இடங்களில் அவை குன்றின் உச்சியில் நிற்கும் நாலைந்து தகரக் கொட்டகைகள். மாலே அதுமீம் போன்ற இடங்களில் பள்ளியும் கடைத்தெருவும் நகராட்சியும் உள்ள முழு நகரங்கள். மேற்குக் கரையில் இன்று ஏறத்தாழ 5 லட்சம் பேரும், கிழக்கு ஜெருசலேமில் 2 லட்சத்துக்கு மேற்பட்டோரும் இப்படி வசிக்கின்றனர். பாலஸ்தீனர்கள் தங்கள் நாடு அமைய வேண்டும் என்று கோரும் நிலமும் இதுவே.

போரில் பிடித்த நிலத்தில், பிடித்த நாடு தன் மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தக் கூடாது என்கிறது 1949-ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 49-ஆவது பிரிவு. 1967 செப்டம்பரில் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன், குடியேற்றம் இந்த உடன்படிக்கைக்கு முரணானது என்று தன் அரசுக்கே எழுதிக் கொடுத்தார். அந்த மாதம் முடிவதற்குள் மேற்குக் கரையில் முதல் குடியேற்றமான கிஃபார் எட்சியோன் எழுந்துவிட்டது. மேற்குக் கரையின் மீது ஜோர்டானுக்கு இருந்த உரிமையையே உலகம் ஏற்கவில்லை, ஆகவே அது ‘தகராறுக்குரிய நிலம்’தானே தவிர ஆக்கிரமிப்பு நிலம் அல்ல, மக்களை யாரும் வலுக்கட்டாயமாகக் கொண்டுபோகவில்லை, அவர்களாகவே போகிறார்கள் என்பது இஸ்ரேலிய அரசுகளின் வாதம். பன்னாட்டு நீதிமன்றம் 2004-இல் இந்த வாதத்தை ஏற்கவில்லை. உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவையும் ஏற்கவில்லை.

எனவே சட்டத்தில் குழப்பம் அதிகமில்லை. குழப்பமெல்லாம் கொள்கையில்தான், அதிலும் குறிப்பாக வாஷிங்டனில். 1978-இல் ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில், வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஹெர்பர்ட் ஹான்செல் குடியேற்றங்கள் சர்வதேசச் சட்டத்துக்குப் பொருந்தாதவை என்று கருத்துரைத்தார். 1980 மார்ச்சில் குடியேற்றங்களைக் கண்டித்த 465-ஆவது தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் ஒருமனதாக நிறைவேற்றியது. அமெரிக்காவும் ஆதரித்தே வாக்களித்தது. இரண்டே நாளில், அந்த வாக்கு தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த தவறு என்று கார்ட்டர் அறிவித்தார். அடுத்து வந்த ரொனால்டு ரீகன், குடியேற்றங்கள் சட்டவிரோதம் அல்ல என்றார். ஆனால் 1982-இல் அவரே கட்டுமானத்தை உடனே நிறுத்தச் சொன்னார். பிறகு ‘சட்டவிரோதம்’ என்ற சொல் பின்னுக்குப் போய், ‘அமைதிக்கு இடையூறு’ என்பது வாஷிங்டனின் வழக்கமான சொல்லாயிற்று.

கண்டனத்தோடு பணத்தையும் சேர்த்துக் கட்டியவர் மூத்த ஜார்ஜ் புஷ். சோவியத் ஒன்றியத்திலிருந்து லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த யூதர்களுக்கு வீடும் வேலையும் தர, 1991-இல் இஸ்ரேல் 1,000 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்காவின் உத்தரவாதம் கேட்டது. இஸ்ரேலும் அரபுத் தரப்பும் கூடவிருந்த மாட்ரிட் அமைதி மாநாடு நெருங்கிய நேரம் அது. உத்தரவாதத்தைத் தள்ளிவைக்கும்படி செப்டம்பரில் புஷ் அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்டார். குடியேற்றக் கட்டுமானத்தை நிறுத்தினால் பணம் என்று அவருடைய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். பிரதமர் இட்சாக் ஷமீர் இறங்கிவரவில்லை. 1992 ஜூன் தேர்தலில் அவர் தோற்று, இட்சாக் ராபின் வென்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அமெரிக்காவோடு உறவு கெட்டதும் அவற்றில் ஒன்று. ராபின் புதிய கட்டுமானத்தைக் குறைக்க ஒப்புக்கொண்டார், உத்தரவாதமும் கிடைத்தது. குடியேற்றத்துக்குச் செலவிடும் தொகை அதிலிருந்து கழிக்கப்படும் என்பது நிபந்தனை. இதே முறையில் 2003-இல் இளைய புஷ் அரசு 28.95 கோடி டாலரைக் கழித்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலான வரலாற்றில், குடியேற்றத்துக்காக அமெரிக்கா பணத்தில் கைவைத்த நிகழ்வுகள் இவ்வளவு அரிது.

இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத் தரப்புக்கும் இடையிலான 1993-இன் ஓஸ்லோ ஒப்பந்தம் குடியேற்றங்களை இறுதிப் பேச்சுவார்த்தைக்கு ஒதுக்கிவைத்தது. இடைக்காலத்தில் கட்டக் கூடாது என்று தெளிவாகத் தடுக்கவும் இல்லை. அந்த ஓட்டை வழியாக நிறையவே நடந்தது. 1993-இல் மேற்குக் கரையில் ஏறத்தாழ 1.1 லட்சமாக இருந்த குடியேறிகள், 2000-இல் 2 லட்சத்தை நெருங்கினர். இளைய புஷ் அரசு முன்னின்ற 2003-இன் ‘அமைதி வரைபடம்’ என்ற சமாதானத் திட்டம், பிள்ளைப்பேறால் குடும்பம் பெருகுகிறது என்ற காரணத்துக்காகக்கூடக் கட்டக் கூடாது என்றது. மறு ஆண்டே, அதே இளைய புஷ் பிரதமர் ஏரியல் ஷரோனுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய குடியேற்றங்கள் இருக்கும் நிலையில் 1949-இன் போர்நிறுத்தக் கோட்டுக்கு முழுதாகத் திரும்புவதை எதிர்பார்க்க முடியாது என்று குறிப்பிட்டார். கட்டி முடித்துவிட்டால் பிறகு ஏற்றுக்கொள்வார்கள் என்ற கணக்குக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் வேறு வேண்டியதில்லை. ஷரோன் முன்பே அறிவித்திருந்த காசா விலகல் திட்டத்துக்குக் கைம்மாறாகவே இந்தக் கடிதம் வந்தது; அந்தத் திட்டப்படி அவர் 2005-இல் காசாவின் 21 குடியேற்றங்களையும் வட மேற்குக் கரையின் 4 குடியேற்றங்களையும் காலி செய்தார்.

பராக் ஒபாமா காலத்தில் சொல்லும் செயலும் எதிரெதிர்த் திசையில் போயின. 2009-இல் கெய்ரோ உரையில் குடியேற்றங்கள் தொடர்வதை ஏற்க முடியாது என்றார். கட்டுமானத்துக்குப் பத்து மாதப் பகுதித் தடை விதிக்கப் பிரதமர் பெஞ்சமின் நெதன்யாகுவை இணங்கவும் வைத்தார். ஆனால் 2011 பிப்ரவரியில் குடியேற்றங்களைக் கண்டிக்கும் தீர்மானத்தைப் பாதுகாப்பு கவுன்சிலின் மற்ற 14 நாடுகளும் ஆதரித்தபோது, அமெரிக்கா வீட்டோவால் வீழ்த்தியது. 2016 செப்டம்பரில் பத்தாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. குடியேற்றம் பற்றிய நிபந்தனை ஏதும் அதில் இல்லை. மூன்று மாதம் கழித்து, பதவி முடியும் தறுவாயில், குடியேற்றங்களைக் கண்டித்த 2334-ஆவது தீர்மானத்தின் மீது அமெரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டதால் அது 14-0 என்று நிறைவேறியது.

ஐரோப்பா வணிகத்தின் வழியே போனது. இஸ்ரேலியப் பொருளுக்குச் சுங்கச் சலுகை உண்டு, குடியேற்றத்தில் விளைந்ததற்கு இல்லை என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பொருள் எங்கே தயாரானது என்று காட்ட 2005 முதல் அஞ்சல் குறியீட்டு எண் பயன்படுகிறது. குடியேற்றத்திலிருந்து வரும் உணவுப்பொருளில் அந்த விவரத்தை அச்சிட வேண்டும் என்று 2019 நவம்பர் 12 அன்று ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறே நாளில், டொனால்டு டிரம்ப்பின் வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ, குடியேற்றங்கள் தம்மளவில் சர்வதேசச் சட்டத்துக்கு முரணானவை அல்ல என்று அறிவித்தார். 2024 பிப்ரவரியில் ஜோ பைடன் அரசு பழைய நிலைக்குத் திரும்பியது. வன்முறையில் இறங்கிய குடியேறிகள் சிலர் மீது தடையும் விதித்தது. 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே டிரம்ப் அந்தத் தடை ஆணையை ரத்து செய்தார்.

1988-இல் பாலஸ்தீனத்தை அங்கீகரித்த இந்தியா, 2023 நவம்பரில் குடியேற்றங்களைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்தை ஆதரித்தது. ஆக்கிரமித்த நிலங்களில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்ற பன்னாட்டு நீதிமன்றக் கருத்துக்குப் பின், இஸ்ரேல் பன்னிரண்டு மாதத்தில் அங்கிருந்து வெளியேற வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் வந்த தீர்மானத்தில் அது வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

வெளி அழுத்தம் பலிக்கவே பலிக்காது என்பாரும் உண்டு. ஜெருசலேமுக்கும் மாலே அதுமீமுக்கும் இடையிலுள்ள, சுமார் 12 சதுர கி.மீ. பரப்பிலான ‘இ-1’ திட்டம் அதற்கு எதிர்ச்சான்று. அங்கே கட்டினால் மேற்குக் கரையின் வடக்கும் தெற்கும் துண்டுபடும் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் எதிர்த்ததால், இருபது ஆண்டுகளுக்கு மேல் வீட்டுத் திட்டம் முடங்கிக் கிடந்தது. 2025 ஆகஸ்டில் 3,400-க்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. பிரிட்டன் உட்பட இருபதுக்கு மேற்பட்ட நாடுகள் கண்டித்தன. இம்முறை அமெரிக்கா எதிர்க்கவில்லை.