நீர் வரும் வழியே நம் கால்களும்

பந்தயத் திடலில் ஓடுவோரை எடுத்துக்காட்டிக் கொரிந்து நகரத்தாருக்கு அறிவுரை எழுதினார் புனித பவுல். நம் முன்னோரின் நாவில் அவர் சின்னப்பர். ஓட்டம் வீண் விளையாட்டன்று. உடலை வசப்படுத்தும் பயிற்சி என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அந்தப் பயிற்சியை இன்று நம் பிள்ளைகள் எங்கே செய்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சாத்தான்குளத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் வைகறை ஐந்து மணிக்கு எழுந்து நெடுஞ்சாலையைப் பாருங்கள். நாசரேத்து சாலையிலும் திசையன்விளைச் சாலையிலும் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடிக்கவேண்டும். ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அந்தச் சில நிமிடங்களில் தங்கியிருக்கிறது. ஆகவே பிள்ளைகள் ஓடுகிறார்கள். அவர்களுக்கு அருகே லாரிகளும் பேருந்துகளும் விரைகின்றன. மகனை வழியனுப்பிவிட்டு, அவன் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்திருக்கும் தாய்மார் எத்தனை பேர்! மகளையோ பலர் அனுப்புவதே இல்லை.

தார்ச்சாலையை விட்டால் ஓடுவதற்கு வேறு வழியே இல்லையா? உண்டு. அது தண்ணீர் வரும் வழி.

அருவிக்கும் நமக்கும் உள்ள உறவு

சாத்தான்குளம் செம்மண் தேரியும் பனையும் உடைமரமும் நிறைந்த வறண்ட பூமி. நமக்கு அருகே ஓடும் கருமேனியாறு மழைக்காலத்தில் மட்டுமே ஆறாகக் காட்சி தரும். பாபநாசத்து அகத்தியர் அருவியும் மணிமுத்தாறு அருவியும் எங்கோ மேற்கே, மலையடிவாரத்தில் உள்ளவை. விடுமுறை நாளில் வேன் பிடித்துச் சென்று குளித்துவிட்டு வரும் இடங்கள். நம்மில் பலர் இவ்வாறே எண்ணுகிறோம்.

உண்மை வேறு. மணிமுத்தாறு அருவியில் விழும் நீர், 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட மணிமுத்தாறு அணையில் தேங்கி, பிரதானக் கால்வாய் வழியாக நாங்குநேரி, சாத்தான்குளம் பகுதிக் குளங்களை நோக்கி வருகிறது. தாமிரபரணியின் மருதூர் அணைக்கட்டில் பிரியும் மேலக்காலிலிருந்து சடையனேரிக் கால்வாய் உபரி நீரைத் தேரிப் பகுதிக்குக் கொண்டு வருகிறது. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு ஆகிய மூன்றையும் இணைக்கும் வெள்ளநீர்க் கால்வாய்ப் பணி 2009-இல் தொடங்கியது. வெள்ளாங்குழியில் புறப்பட்டு, நம் பகுதியிலுள்ள எம்.எல். தேரி வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீளும் அக்கால்வாயில் 2024 பிப்ரவரியில் வெள்ளோட்டம் விடப்பட்டது. ஆகவே அருவி நமக்கு அந்நியமன்று. அது கால்வாய் வழியே நம் குளத்தை நாடி வருகிறது.

கால்வாய் உள்ள இடமெல்லாம் கரை உண்டு. மடை பார்க்கும் லஸ்கரும், வயலுக்குச் செல்லும் உழவரும் நடந்து நடந்து தடமான கரை அது. கால்வாயை வெட்டியவர்கள் நீர் மெல்ல வழிந்தோடும்படி சிறு சரிவாகவே அமைத்தார்கள். அதனால் கரையிலும் செங்குத்தான ஏற்றமோ இறக்கமோ இராது. மண்தரை என்பதால் முழங்காலில் விழும் அதிர்ச்சியும் தார்ச்சாலையைவிடக் குறைவு. ஓடுவோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அட்லாண்டிக் பெருங்கடலில், போர்ச்சுக்கல் நாட்டுக்குரிய மதேய்ரா என்னும் தீவு இருக்கிறது. அதன் வடபகுதி மழை வளம் மிக்கது; தென்பகுதி வறண்டது. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் அம்மக்கள் மலையருவிகளின் நீரை மறுபுறத்து வயல்களுக்குக் கொண்டுசெல்ல ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வாய்க்கால்களை வெட்டினார்கள். ‘லெவாடா’ என்று அவற்றுக்குப் பெயர். வாய்க்காலைக் காப்பவர் நடந்து செல்ல அதன் ஓரமாகவே ஒற்றையடிப் பாதையும் அமைந்தது. இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் அப்பாதைகளில் நடப்பதற்கென்றே அங்கே செல்கிறார்கள். நம்மிடமும் மழை மலை உண்டு. வறண்ட நிலம் உண்டு. இரண்டையும் இணைக்கும் கால்வாயும் உண்டு. அவற்றின் கரையில் நம் கால்கள் படாததுதான் குறை.

எங்கே ஓடலாம்?

தொடக்கநிலையில் உள்ளவர்கள் தம் ஊர்க் குளத்தங்கரையிலேயே தொடங்கட்டும். ஒரு சுற்று நடை, ஒரு சுற்று ஓட்டம் என்று மாற்றி மாற்றிச் செய்வது நலம். கால் வலுப்பெற்றபின் தேரி மணலில் வாரம் ஒருநாள் ஓடலாம். கால் புதையும் மணலில் ஒரு கிலோமீட்டர் ஓடுவது கெட்டித்தரையில் ஓடுவதைவிடக் கடினம், கெண்டைக்கால் உறுதிப்படும். வெயில் ஏறினால் அம்மணல் கொதிக்கும். ஆதலால் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடவேண்டும். இடுப்பில் ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டியும் கையில் ஒரு குப்பித் தண்ணீரும் போதும்.

அடுத்த நிலையில் உள்ளவர்கள் விடுமுறை நாளில் குழுவாகத் தாமிரபரணிக் கரைக்குச் செல்லலாம். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டத்தில் உள்ளது. அங்கிருந்து ஆழ்வார்திருநகரி நோக்கி ஓடினால் வயலும் வாழையும் வழித்துணையாகும். மேற்கே அம்பாசமுத்திரத்திற்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடையில் பொதிகை மலை கண்ணெதிரே எழுந்து நிற்கும். 1843-இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளால் கட்டிய பாலத்தின் அருகே, கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் காலை நடை செல்லலாம். ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் இவ்வாற்றைத் துண்டு துண்டாக, சில ஆண்டுகளில், ஒரு குடும்பமே நடந்து முடித்துவிடலாம். 1542-ஆம் ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் இக்கடற்கரை மணலில் ஊர் ஊராக நடந்தவர் என்பதை அப்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எங்கே ஓடக்கூடாது?

இங்கே கண்டிப்பாக ஒன்றைச் சொல்லவேண்டும். அருவியின் அருகே ஓடவேண்டாம், பாறைமேல் தாவவேண்டாம். அருவி கீழே விழும் இடத்தில் வானம் தெளிவாயிருக்கும். மேலே மலையில் பெய்யும் மழை நம் கண்ணுக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நொடிப்பொழுதில் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மிகுந்தாலும் அந்தக் கணமே மேட்டுக்கு ஏறிவிடவேண்டும். பொருளை எடுக்கத் திரும்புதல் கூடாது.

பாபநாசத்துக்கும் மணிமுத்தாற்றுக்கும் மேலே உள்ள காடு, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988-இல் அமைந்த அக்காட்டில் புலியும் யானையும் கரடியும் வாழ்கின்றன. வனத்துறையின் சோதனைச்சாவடிதான் நம் ஓட்டத்தின் எல்லை. அனுமதி பெற்று உள்ளே செல்வோரும் அங்கே ஓடலாகாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஆற்றோரப் பாதையையும் தவிர்ப்பதே அறிவு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கித் தவித்ததையும் நாம் மறக்கவில்லை.

பங்குக் குடும்பங்கள் செய்யக்கூடியவை

யாரும் நடவாத கரை சீமைக் கருவேலுக்கும் குப்பைக்கும் இரையாகிறது. கரை மறைந்தால் உடைப்பு கண்ணுக்குத் தெரியாது. உடைப்பு தெரியாவிடில் கடைமடைக்குத் தண்ணீர் வாராது. நாமோ கடைமடைக்காரர்கள்! ஆகவே கரையில் ஓடும் இளைஞன் தன் உடலை மட்டுமன்று, ஊரின் தண்ணீரையும் காக்கிறான். உடைந்த மடையைக் கண்டால் நீர்வளத்துறை அலுவலருக்கு அவன் தெரிவிக்கட்டும்.

2023 நவம்பர் 4 அன்று தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதையைக் குறித்தது. மாவட்டத்துக்கு ஒன்று போதுமா? ஒவ்வொரு பங்கிலும் இளைஞர்கள் ஒன்றுகூடி, தம் ஊர்க் குளத்தங்கரையிலோ கால்வாய்க் கரையிலோ இரண்டு கிலோமீட்டரைத் தேர்ந்து, ஊராட்சியின் இசைவோடு முள்ளை வெட்டித் துப்புரவாக்கலாம். நடவு நேரத்தில் வயல்வரப்பை மிதியாமல், உழவரிடம் வணக்கம் சொல்லிச் செல்லப் பழகலாம். பெண்பிள்ளைகள் குழுவாக ஓட, தாய்மார் அதே கரையில் உடன் நடக்கலாம். சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொன்ன மருத்துவரின் அறிவுரையும் அத்துடன் நிறைவேறும்.

அன்புப் பெற்றோரே! உங்கள் மகனையும் மகளையும் ஓடவேண்டாம் என்று தடுக்காதீர்கள். லாரி ஓடும் சாலையிலிருந்து தண்ணீர் ஓடும் கரைக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் குளத்தங்கரையில் ஒருமுறை குடும்பத்தோடு நடந்து பாருங்கள். எந்த இடத்தில் முள் அடைத்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரிவாளும் மண்வெட்டியும் எடுத்துச் செல்வது அதற்கடுத்த ஞாயிறு.