ஏரியில் பிறந்த மீன்

வட அமெரிக்காவின் பேரேரிகளுள் ஒன்று மிச்சிகன் ஏரி. அதன் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுரக் கிலோமீட்டர். கரையில் நின்று நோக்குவோர்க்கு அது கடலெனவே தோன்றும். அதன் குளிர்ந்த ஆழத்தில் ஏரி டிரவுட் என்னும் மீன் முன்னாளில் மிகுதியாக வாழ்ந்தது. மனிதர் அதனை அளவின்றிப் பிடித்தனர். அதற்குமேல், நயாகரா அருவியைக் கப்பல்கள் சுற்றிச் செல்ல வெட்டப்பட்ட வெல்லண்டு கால்வாய் வழியே, லாம்ப்ரே என்னும் உயிர் ஏரிக்குள் புகுந்தது. விலாங்கு போன்ற உடலும் வட்ட வாயும் உடைய அது, மீன்களைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சுவது. 1950-களில் டிரவுட் இனம் மிச்சிகன் ஏரியில் அடியோடு அற்றுப்போயிற்று.

1958 முதல், பேரேரிகளில் கலக்கும் சிற்றாறுகளில் மருந்திட்டு லாம்ப்ரேயின் இளம் உயிர்களை அழிக்கத் தொடங்கினர். பின்னர், பொரிப்பகங்களில் வளர்த்த டிரவுட் மீன்களை 1965 முதல் மிச்சிகன் ஏரியில் விட்டனர். விடுமுன் துடுப்பொன்றை நறுக்கி அடையாளம் செய்தனர். துடுப்புகள் குறையாத மீன் வலையில் விழுந்தால், அஃது ஏரியிலேயே பிறந்தது என அறியலாம் அன்றோ?

விட்ட மீன்களுட் பல பிழைத்தன. வளர்ந்து முட்டையும் இட்டன. ஆயினும், பல்லாண்டுகளாக வலையில் அகப்பட்டவை பெரும்பாலும் துடுப்பு நறுக்கப்பட்டவையே. இதன் காரணம் யாது?

அறிஞர் ஆராய்ந்து சில காரணங்களைக் கண்டனர். வசதி கருதி மீன்கள் கரையோரத்தில் விடப்பட்டன; முட்டைகளுக்குக் காப்பளிக்கும் கற்பாறைத் திட்டுகளோ ஏரியின் நடுவிலும் இருந்தன. கடலிலிருந்து வந்து பெருகிய ஏல்வைஃப் என்னும் சிறுமீன், டிரவுட் குஞ்சுகளைத் தின்றது. அந்த ஏல்வைஃப் மீனைத் தின்ற தாய் டிரவுட்டுக்கும் கேடு விளைந்தது. ஏல்வைஃபின் உடலிலுள்ள ஒரு பொருள் தயமின் என்னும் உயிர்ச்சத்தைச் சிதைப்பது. அச்சத்துக் குறைந்த முட்டைகளினின்று வெளிவந்த குஞ்சுகள் மடிந்தன. தின்னினும் தின்னப்படினும் டிரவுட்டுக்கு அழிவே நேர்ந்தது.

இதனையறிந்தோர், மீன்களைக் கலத்தில் ஏற்றிச் சென்று நடு ஏரித் திட்டுகளில் விட்டனர். அண்டையிலுள்ள ஹூரன் ஏரியில் 2003-ஐ ஒட்டி ஏல்வைஃப் அருகியதும், ஏரியிற் பிறந்த டிரவுட் பெருகின. பழைய இனம் முற்றும் அழியாதிருந்த சுப்பீரியர் ஏரியின் பெரும்பகுதியில் டிரவுட் முழுமையாக மீண்டுவிட்டதென 2024-இல் அறிவிக்கப்பட்டது.

நாற்றங்காலில் நாற்று வளர்த்தல் உழவின் தொடக்கமே. வயலில் அது கதிர் ஈன்று விதை தருதலே பயன். மீனும் அத்தகையதே. விட்ட மீன்களின் எண்ணிக்கை மனிதர் உழைப்பைக் காட்டும். துடுப்புக் குறையாத மீனே ஏரி மீண்டும் உயிர் பெற்றதைக் காட்டும்.